மயானப் பதிவேடுகளுக்குப் பிரதி எடுக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் இப்பகுதியில் வெளியான கடிதமொன்றில் வாசகர் ஒருவர், ஒல்லாந்தர் முதலிய ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் தம் முன்னோரை ஏழெட்டுத் தலைமுறைவரை சொல்லக்கூடியவர்களாக இருக்க, நாம் பூட்டனின் பெயரைக் கேட்டாலே தடுமாறுவதற்குக் காரணம் நம்மிற் பெரும்பாலோர் இறந்தவர்களைப் புதைக்காமல் எரிப்பதுதான் என்றும், கல்லறை இல்லாதவர்களுக்கு வரலாறும் இல்லை என்றும் எழுதியிருந்தார். அவருடைய ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் அவர் கண்ட காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. என் பூட்டனாரின் வாழ்வைத் தேடி ஏறத்தாழ மூன்று வருடங்கள் அலைந்தவன் என்ற முறையில், எங்கே எழுத்து இருந்தது, எங்கே அது கைநழுவிப் போக இருந்தது என்பதைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பூட்டனாரைப் பற்றி இருந்தது இரண்டே வசனங்கள். புங்குடுதீவிலிருந்து கொழும்புக்கு வந்து செட்டியார் தெருப் பக்கத்தில் அரிசிக் கடையொன்றில் நின்றவர் என்பது ஒன்று. பிளேக் நோயிற் போய்விட்டார், சாம்பல் கீரிமலைக்கு வந்தது என்பது மற்றையது. இவற்றை எனக்குச் சொன்னவர் என் பாட்டியார். அவரும் தம் மாமனாரைக் கண்டவர் அல்லர். மாமியார் சொல்லக் கேட்டதையே சொன்னார். படம் இல்லை, கடிதம் இல்லை.

தேடலை என்னுடைய பிறப்புச் சான்றிதழிலிருந்தே தொடங்கினேன். நான் பிறந்தது 1956ஆம் ஆண்டு. அந்தக் காலத்துச் சான்றிதழை எடுத்துப் பார்ப்பவர்கள், தாய் தந்தையரின் விபரங்களுக்குக் கீழே, பாட்டன் இலங்கையிற் பிறந்தவராயின் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றைக் கேட்கும் ஒரு கூட்டைக் காண்பார்கள். அதற்கும் கீழே, தந்தை இலங்கையிற் பிறவாதவராகவும் பூட்டன் இலங்கையிற் பிறந்தவராகவும் இருந்தால் அந்தப் பூட்டனின் விபரத்தை எழுதுவதற்கு இன்னொரு கூடு இருக்கும். என் சான்றிதழில் பாட்டனாரின் பெயரும் 1911 என்ற ஆண்டும் புங்குடுதீவு என்ற ஊரும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. பூட்டனாருக்குரிய கூட்டில் ஒரு கோடு மட்டும் இழுக்கப்பட்டிருந்தது. என் தந்தையார் இங்கேயே பிறந்தவர் என்பதால் அந்தக் கூட்டை நிரப்ப வேண்டிய தேவை பதிவாளருக்கு இருக்கவில்லை.

இந்தக் கூடுகள் குடும்ப வரலாற்றில் ஆசை கொண்டவர்களுக்காக அச்சிடப்பட்டவை அல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்படி, அதற்கு முன் இங்கு பிறந்த ஒருவர் வம்சாவளிக் குடிமகனாக ஏற்கப்பட வேண்டுமானால் அவருடைய தந்தை இங்கு பிறந்திருக்க வேண்டும். அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். என்னோடு ஒரே அறையிற் பல வருடங்கள் கடமையாற்றிய மலையக நண்பர் ஒருவர், தம்முடைய பாட்டனார் தோட்டத்து லயத்திற் பிறந்தவர் என்று தோட்டமே அறிந்திருந்தும் அதைக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாமற் போனதைப் பற்றிச் சொல்லும்போது குரலை உயர்த்தமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பார். எனக்கு வெறும் ஆவலாக இருந்த அதே கூடு அவர் வீட்டாருக்கு நாடாக இருந்தது. இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்தப் பிரச்சினை முழுதாகத் தீரவும் இல்லை. பழைய பதிவேடு யாருக்கு வேண்டும் என்று கேட்பவர்கள் இதை ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம்.

பாட்டனாரின் பிறப்புப் பதிவைக் கண்டுபிடிப்பது எளிதென்று நினைத்தேன். இந்நாட்டிற் பிறப்பு, இறப்புகளைச் சட்டப்படி பதியத் தொடங்கியது 1867ஆம் ஆண்டு என்பதால், 1911 அவ்வளவு தூரமல்ல. ஆனால் பெயரைக் கொடுத்துத் தேடியபோது அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை என்ற பதில்தான் வந்தது. பின்னர், பதிவேடுகளோடு வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்ற மூத்தவர் ஒருவர் வழி காட்டினார். அந்நாளிற் பிள்ளைக்குப் பெயர் வைக்குமுன்பே பிறப்பைப் பதிந்துவிடுவது சாதாரணம். பெயர்க்கூடு வெறுமையாகவே கிடக்கும். பின்னாளிற் பாடசாலைக்கோ உத்தியோகத்துக்கோ தேவைப்பட்டவர்கள் மட்டுமே பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே பிள்ளையின் பெயரை விட்டுவிட்டுத் தகப்பன், தாய் பெயர்களைக் கொண்டு தேடும்படி சொன்னார். அப்படியே தேடியதிற் பெயரில்லாத ஓர் ஆண் பிள்ளையாக என் பாட்டனார் கிடைத்தார். வீட்டில் இருந்த அவருடைய சாதகக் குறிப்புக்கும் பதிவுக்கும் பதினொரு நாள் வித்தியாசம் இருந்தது. நட்சத்திரமும் நாழிகையும் எழுதிவைத்த சாத்திரியாரைத்தான் நான் நம்புகிறேன். ஊர்த் தலைமைக்காரரான விதானையாரிடம் போகும் வழியில் நாள் மறந்துபோவது இயல்பு.

அந்தப் பதிவில் என்னை நிறுத்தியது, தகவல் கொடுத்தவர் யார் என்னும் கடைசிக் கூடு. அதில் இருந்தவர் தகப்பனார் அல்லர்; தாயின் சகோதரர். முதற்பிள்ளையின் பிறப்பைப் பதியத் தகப்பன் போகவில்லையென்றால் அவர் ஊரில் இல்லை என்றுதானே கொள்ள வேண்டும்? யாழ்ப்பாணத்துக்கு இரயில் 1905ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. 1911இல் அவர் கொழும்பில் இருந்தார் என்பதற்கு எனக்குக் கிடைத்த முதற் சான்று, அவர் பெயர் எழுதப்படாத அந்தக் கூடுதான்.

இறப்பைத் தேடியபோதுதான் உண்மையான சிக்கல் எழுந்தது. கொழும்பில் பிளேக் முதன்முதலாகத் தோன்றியது 1914ஆம் ஆண்டு. குடும்பக் கதையை நம்பி அந்த ஆண்டையும் அடுத்த ஆண்டையும் தேடுவித்தேன். கட்டணம் போனதுதான் மிச்சம். கொழும்புப் பதிவேடுகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை என்பதால், நம் பெயர்களை எழுதிய கைக்குத் தோன்றியபடியெல்லாம் எழுதியிருப்பார்கள். 'க' என்று தொடங்கும் ஒரு பெயர் ஆங்கில அகரவரிசையில் 'கே'யின் கீழும் வரும், 'சி'யின் கீழும் வரும். ஈற்றில் 'பிள்ளை' சேர்ந்தும் வரும், சேராமலும் வரும். தகப்பன் பெயர் முன்னால் நிற்கும் வழக்கத்தை அறியாத எழுதுவினைஞர் தகப்பனையே இறந்தவராக்கியிருப்பார். மிஷன் பாடசாலைக்குப் போனவர்களின் கதை இன்னும் விசேடமானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவரான விசுவநாதபிள்ளையே கரோல் என்ற முன்பெயருடன்தான் அறியப்பட்டார் என்றால், சாதாரணமானவர்கள் எத்தனை பெயர்களிற் சிதறிக் கிடப்பார்கள்! நான் இரண்டு எழுத்துகளின் கீழும் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஆண்டே பிழையென்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆண்டைத் திருத்தித் தந்தது ஒரு கல்வெட்டு. மலையக வாசகர்களுக்காகவும் இளையவர்களுக்காகவும் ஒரு விளக்கம்: யாழ்ப்பாணத்தவர் இவ்விடத்திற் கல்வெட்டு என்று சொல்வது கல்லில் வெட்டியதை அல்ல. இறந்தவரின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்தையே அப்படிச் சொல்வார்கள். அதில் தேவாரமும், இறந்தவரின் குல வரலாறும், மனைவி மக்கள் புலம்பலாகப் புலவர் ஒருவர் பாடிக்கொடுத்த பாடல்களும், இறந்த ஆண்டு, மாதம், பக்கம், திதி ஆகியவற்றை நான்கு அடிக்குள் அடக்கிய திதி வெண்பாவும் இருக்கும். என் பூட்டியார் 1957ஆம் ஆண்டு காலமானார். அவருடைய கல்வெட்டு, சித்தப்பா ஒருவரின் தகரப் பெட்டியில், பழைய உறுதிகளுக்கு அடியில் இருந்தது. திதி வெண்பாவில் ஏவிளம்பி என்ற ஆண்டுப் பெயர் இருந்தது. அது 1957ஆம் ஆண்டுச் சித்திரையிற் பிறந்த வருடம், ஆகவே சரி. ஆனால் எனக்கு வேண்டியது பின்னால் வந்த புலம்பலில் இருந்தது. கணவனைப் பிரிந்து முப்பத்தொன்பது ஆண்டு வெள்ளை உடுத்தாள் என்று மக்கள் புலம்புவதாகப் புலவர் பாடியிருந்தார். எதுகைக்காக எண்ணை மாற்றியிருப்பாரோ என்ற சந்தேகம் எனக்கு வராமலில்லை. முப்பது என்று பாடினாலும் அடி கெடாது என்பதைக் கண்டபின்பே நம்பினேன்.

1957இலிருந்து முப்பத்தொன்பதைக் கழித்தால் 1918, காளயுக்தி வருடம். எங்கள் வீட்டிற் பூட்டனாருக்குத் திவசம் கொடுத்த திதி ஐப்பசி மாதத்து அபரபக்கத் தசமி என்பதைப் பாட்டியார் இறக்கும்வரை ஒருவரும் மறக்கவில்லை. திதியை வைத்திருந்தோம், ஆண்டைத் தொலைத்திருந்தோம். பழைய பஞ்சாங்கத்தோடு ஒட்டிப் பார்த்ததில் அது 1918 ஒக்டோபர் 29ஆம் திகதிக்குச் சரியாக வந்தது. அந்தத் திகதியைக் கொடுத்தபின் பதிவு ஒரே நாளிற் கிடைத்தது. 'சி'யின் கீழ், 'பிள்ளை' இல்லாமல்.

ஆங்கிலத்தில் எழுதிய அந்த ஒரு வரி, குடும்பம் எனக்குச் சொல்லியிருந்த இரண்டாவது வசனத்தை முழுதாகக் கலைத்துவிட்டது. வயது முப்பது. இறப்பின் காரணம் பிளேக் அன்று. காய்ச்சலும் நுரையீரல் அழற்சியும். உலகமெங்கும் கோடிக்கணக்கானோரைக் கொண்டுபோன இன்புளுவென்சா துறைமுகத்தின் வழியே கொழும்புக்கும் வந்தது 1918இல்தான். அந்த ஆண்டின் பிற்பகுதியில் எழுந்த இரண்டாவது அலையே கொடியது. நகரத்தார் அப்போது பார்த்துக்கொண்டிருந்த பெருநோய்க்கு ஊரில் ஒரு பெயர்தான் தெரிந்திருந்தது போலும். அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்த சொல்லில் இருந்தது. நமது இறப்புச் சான்றிதழில், காரணத்தோடு சேர்த்து, அடக்கம் அல்லது தகனம் செய்த இடத்தையும் எழுதுவார்கள். பலர் அதைக் கவனிப்பதில்லை; தேடுபவர்களுக்கு அதுவே அடுத்த கதவு. என் பூட்டனார் தகனம் செய்யப்படவில்லை. கொழும்பின் வடபுறத்து மயானமொன்றில் அடக்கம் செய்யப்பட்டிருந்தார்.

அப்படியானால் கீரிமலைக்கு வந்த சாம்பல் எது? பல நாள் இது என்னை உறுத்தியது. பாட்டியார் பொய் சொல்பவர் அல்லர். பின்னர் எங்கள் ஊர்க் குருக்கள் ஒருவரிடம் கேட்டபோது, உடல் கிடையாத இடத்துத் தருப்பையால் உருவம் செய்து அதைத் தகனம் செய்து கிரியைகளை நிறைவேற்றும் முறை உண்டு என்றார். கொள்ளை நோயின் நடுவில், முன்பின் அறியாதவர்கள் அவசரமாக அடக்கம் செய்த ஒருவருக்கு ஊரில் இருந்தவர்கள் செய்யக்கூடியது அதுவாகத்தான் இருந்திருக்கும். கீரிமலையிற் கரைந்தது புல்லின் சாம்பல் என்பதைப் பாட்டியார் அறிந்திருந்தாரா என்பதை இனிக் கேட்க முடியாது.

இனி மயானப் பதிவேட்டுக்கு வருகிறேன். இக்கடிதத்தின் நோக்கமே அதுதான். அந்த மயானத்தின் அலுவலகத்தில் இருந்த இளைஞர், சிங்களத்தில் நான் தட்டுத்தடுமாறிக் கேட்டதைப் பொறுமையாகக் கேட்டு, பின்னறை அலுமாரியிலிருந்து 1918ஆம் ஆண்டுக்குரிய புத்தகத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக் கொண்டுவந்தார். ஏந்தித்தான் கொண்டுவர வேண்டும். முதுகுத் தையல் விட்டுப்போயிருந்தது. ஈரம் ஏறிய பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒக்டோபர் மாதத்துப் பக்கங்களின் கீழ் மூலையைக் கறையான் தின்றிருந்தது. தின்ற இடத்துக்கு மூன்று வரி மேலே பூட்டனாரின் பெயர், பகுதியும் வரிசையும் குழி இலக்கமும் கொண்டு இருந்தது. அதன் மேலும் கீழும் அதே நாளில் அடக்கம் செய்யப்பட்டவர்களின் பெயர்கள், தமிழ்ப் பெயரும் சிங்களப் பெயரும் மலையாளப் பெயருமாக, நெருக்கி நெருக்கி எழுதப்பட்டிருந்தன. அவ்வளவு பேரை ஒரே நாளில் எழுத நேர்ந்த அந்த எழுதுவினைஞரின் கை, பக்கத்தின் அடியை நெருங்க நெருங்கக் கோணலாகியிருந்தது. நானும் எழுதுவினைஞனாக இருந்தவன் என்பதால் அது என் கண்ணிற் பட்டது.

இந்தப் புத்தகத்துக்கு இரண்டாம் பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்கேனும் இரட்டைப் பிரதி என்ற ஏற்பாடு உண்டு. ஒன்று அழிந்தால் மற்றொன்றைக் கொண்டு சமாளிக்கலாம் என்பதைப் போரினால் ஆவணங்களை இழந்த நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மயானப் புத்தகம் ஒற்றைப் பிள்ளை. கறையான் இன்னும் மூன்று வரி மேலே ஏறியிருந்தால், எரிக்காமற் புதைத்த என் பூட்டனாரும் இல்லாமற் போயிருப்பார். அவருடைய குழியின் மேல் கல் எதுவும் இல்லை. அதில் இப்போது வேறொருவர் இருக்கிறார்.

பறங்கியரைப் பற்றி எழுதிய அந்த வாசகருக்கு நான் சொல்ல விரும்புவது இங்கேதான் வருகிறது. அவர்களின் முன்னோர் ஒல்லாந்தர் காலத்தில் புதைக்கப்பட்டதனால் மட்டும் இன்று தெரியவரவில்லை. கோட்டையில் இருந்த பழைய தேவாலயத்துக் கல்லறைக் கற்களை 1813ஆம் ஆண்டு வுல்வெண்டால் தேவாலயத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1908இல் தொடங்கிய பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளிகளை அச்சிட்டது. பென்றி லூவிஸ் என்னும் அரசாங்க உத்தியோகத்தர் இலங்கையின் கல்லறை வாசகங்களைத் திரட்டி 1913இல் நூலாக்கினார். அதன்பின் சிதைந்துபோன எத்தனையோ கற்கள் இன்று அந்த நூலில் மட்டுமே இருக்கின்றன. அவர்கள் பிரதி எடுத்தார்கள், அவ்வளவுதான். ஒல்லாந்தர் தங்கள் பாடசாலைத் தோம்புகள் என்னும் பதிவேடுகளில் ஞானஸ்நானமும் விவாகமும் பெற்ற சுதேசிகளையும் எழுதிவைத்தார்கள் என்பதையும், கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் தோம்புகள் பேணப்படுகின்றன என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டிப் பக்கத்துக் கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்கள் பங்குப் பதிவேட்டைக் கேட்டுப் பார்த்தாலே தலைமுறைகள் கிடைக்கும்.

ஆகவே கொழும்பு மாநகர சபையிலும் அயலூர்ச் சபைகளிலும் உறுப்பினர்களாக இருக்கும் நம்மவர்களிடம் என் வேண்டுகோள் இது: உங்கள் ஆளுகைக்குட்பட்ட மயானங்களின் பழைய அடக்கப் பதிவேடுகளையும் தகனப் பதிவேடுகளையும் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து, ஒரு பிரதியைச் சுவடிகள் திணைக்களத்திடம் ஒப்படைக்க ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். இதற்குப் புதிய கட்டிடமோ பெருந்தொகைப் பணமோ வேண்டியதில்லை. ஒரு கமராவும், புத்தகத்தை ஒட்டாமற் பிரிக்கத் தெரிந்த ஒருவரும், சில மாத அவகாசமும் போதும். ஒட்டிய பக்கங்களைப் பலவந்தமாக இழுக்காதிருக்க மட்டும் சொல்லுங்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நான் பத்திரிகையைக் கையில் எடுத்தவுடன் வாசிப்பது மரண அறிவித்தற் பக்கம். என் மனைவி இதற்காக என்னைக் கடிந்துகொள்வதுண்டு. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்டவர், காலஞ்சென்ற இன்னார் இன்னாரின் அன்புப் புதல்வர், இன்னாரின் மருமகன், இன்னாரின் மைத்துனர், தகனக் கிரியை இந்த மயானத்தில், இன்ன நேரத்தில் என்று ஒரு சிறு சதுரத்துக்குள் நாம் அடக்கிவிடும் விபரம் எந்த அரசாங்கச் சான்றிதழிலும் கிடையாது. பெண்களின் தாய்வழி உறவுகள் அச்சில் வருவதே பலருக்கு அந்த ஒரு தடவைதான். இந்த அறிவித்தல்களைத் தங்கள் பழைய இதழ்களிலிருந்து திரட்டி, ஊர்ப் பெயராலும் ஆட்பெயராலும் தேடக்கூடியவாறு வைத்தால், நம் சமூகத்துக்கு அதுவே தோம்பாக இருக்கும். கல்வெட்டுகளை வீட்டில் வைத்திருப்பவர்கள் பழைய கடதாசிக்காரரிடம் போடுமுன், 2005ஆம் ஆண்டு முதல் நம் நூல்களை இணையத்தில் ஏற்றிவரும் நூலக நிறுவனத்திடமேனும் ஒரு தடவை காட்டுங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்தவர்கள் நாம். வீட்டுப் பெட்டியில் எஞ்சியிருப்பதைக் கறையானுக்குக் கொடுக்கக்கூடாது.

கடைசியாக, என் சொந்த விடயம் ஒன்று. பூட்டனாரின் இறப்பைப் பதிவாளரிடம் அறிவித்தவர் உறவினர் அல்லர். அதே தெருவில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர். இறக்கும்போது உடனிருந்தவர் என்று அவரைப் பற்றிப் பதிவில் எழுதியிருக்கிறது. தொட்டால் ஒட்டும் என்று எல்லோரும் விலகியோடிய நாட்களில் அவர் ஏன் கூட இருந்தார், கடைக்காரர்கள் என்ற பழக்கமா, கடன் கொடுக்கல் வாங்கலா, ஒன்றும் எனக்குத் தெரியாது. அவருடைய பெயரையும் கடை இலக்கத்தையும் தங்களுக்குத் தனியாக எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். 1918ஆம் ஆண்டளவிற் செட்டியார் தெருவை அண்டிக் கடை வைத்திருந்த குடும்பத்தவர்கள் யாராவது இதை வாசித்துத் தங்களோடு தொடர்புகொண்டால், என் விலாசத்தை அவர்களுக்குக் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.